ஒட்டோ விக்தெர்லே: உடல் அந்நியமாகக் கருதாத பொருளைத் தேடிய விஞ்ஞானி

மென்மையான கான்டாக்ட் லென்ஸ்கள் இன்று உலகில் கோடிக்கணக்கானோரின் அன்றாடப் பாவனைப் பொருளாகிவிட்டன. அவற்றை முதலில் வெற்றிகரமாகத் தயாரித்தவர், செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ ஆட்சியால் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து அகற்றப்பட்ட ஓர் இரசாயனப் பேராசிரியர். 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது, பிராக் நகரிலிருந்த தமது வீட்டில், சிறுவர்கள் விளையாடும் உலோகத் துண்டுகளைக் கொண்டு தாமே பூட்டிய இயந்திரத்தில் அவர் அந்த லென்ஸ்களை வார்த்தெடுத்தார்.

ஒட்டோ விக்தெர்லே என்ற அந்த விஞ்ஞானி லென்ஸ் செய்வதை மட்டுமே குறிக்கோளாகக் கொண்டு புறப்பட்டவர் அல்லர். உடலுக்குள் வைக்கப்பட்டால் உடல் அதனை அந்நியப் பொருள் என்று ஒதுக்காத ஒரு பிளாஸ்டிக்கையே அவர் தேடினார். அந்தத் தேடலில் அவர் பாதி தூரம்தான் கடந்தார் என்பதைப் பிற்காலம் காட்டியது. உயிருள்ள திசுவைப் போல நீரைச் சுமக்கும் பொருளை அவர் உருவாக்கிவிட்டார். ஆனால் கண்ணீரிலும் இரத்தத்திலும் உள்ள புரதங்கள் அந்தப் பொருளின் மேற்பரப்பில் படிவதை அவரால் தடுக்க இயலவில்லை. மருத்துவப் பயன்பாட்டுக்கான மேற்பூச்சுகளை ஆராய்வோர் இன்றும் போராடிக் கொண்டிருப்பது அந்த மீதிப் பாதியுடன்தான்.

தொழிலதிபரின் மகன்

விக்தெர்லே 1913ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் திகதி, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்ட மொராவியாவின் ப்ரோஸ்த்யெயோவ் நகரில் பிறந்தார். அவரது தந்தை, விவசாய இயந்திரங்களையும் பின்னர் மோட்டார் கார்களையும் தயாரித்த ஒரு தொழிற்சாலையின் பங்காளி. குடும்பத் தொழிலைத் தொடர்வதற்கான வாய்ப்பு முழுமையாக இருந்தும் மகன் இரசாயனத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்தத் தொழிற்சாலை நாட்டுடைமையாக்கப்பட்டதைப் பார்க்கும்போது, அந்தத் தெரிவு அவருக்குப் பாதகமாக அமையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பிராக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1936ஆம் ஆண்டு அவர் பட்டம் பெற்றார். அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தவரின் வாழ்வில் முதல் குறுக்கீடு 1939இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி, நாஜி ஆக்கிரமிப்பு நிர்வாகம் செக் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் இழுத்து மூடியது.

வேலையிழந்த இளம் விஞ்ஞானிக்கு இடமளித்தது ஸ்லின் நகரில் இருந்த பாட்டா நிறுவனம். நம்மவர்களுக்குப் பள்ளிக்கூடக் காலணியின் பெயராகவே அறிமுகமான அதே பாட்டாதான். காலணி நிறுவனமாக இருந்தபோதிலும் அது தரமான ஆய்வுக்கூடமொன்றையும் நடத்தி வந்தது. அங்கு விக்தெர்லேயின் குழுவினர் 1941ஆம் ஆண்டு நைலான் வகையைச் சேர்ந்த செயற்கை இழையொன்றை நூற்பதில் வெற்றி கண்டனர். பின்னர் சிலோன் என்ற பெயரில் செக்கோஸ்லோவாக்கியப் பெண்களின் காலுறைகளாகப் புகழ்பெற்ற இழை அது. மறு ஆண்டே கெஸ்டாப்போ எனப்படும் ஜெர்மன் இரகசியப் பொலிஸ் அவரைக் கைது செய்தது. சில மாதச் சிறைவாசத்துக்குப் பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார்.

ரயில் பயணத்தில் தோன்றிய கேள்வி

போர் முடிந்ததும் அவர் மீண்டும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னரும் அவரது கல்விப் பணி தொடர்ந்தது. 1952இல் பிராக்கில் புதிதாக நிறுவப்பட்ட இரசாயனத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் அவர் துறைத் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அதே ஆண்டில் ஓலோமோட்ஸ் நகரிலிருந்து பிராக் நோக்கி ரயிலில் பயணம் செய்தபோது, அருகில் அமர்ந்திருந்த சுகாதார அமைச்சு அதிகாரி ஒருவர் கண் மருத்துவ சஞ்சிகையொன்றை வாசித்துக் கொண்டிருந்தார். கண்ணை இழந்தவர்களுக்கு உலோகத்தினால் ஆன உள்வைப்புப் பொருத்துவது பற்றிய கட்டுரை அதில் இருந்தது. உலோகத்தைக் காட்டிலும் உடலுக்கு இணக்கமான ஒரு பிளாஸ்டிக் ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வி அந்த உரையாடலில்தான் எழுந்தது.

அக்காலத்தில் மருத்துவர்கள் உடலுக்குள் வைத்த பிளாஸ்டிக்குகள் யாவும் வேறு தேவைகளுக்காகத் தயாரிக்கப்பட்டவை. விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்கும் குடுவைகளுக்கும் உருவான பொருட்களையே அறுவைச் சிகிச்சையாளர்கள் எடுத்துப் பயன்படுத்தினர். விக்தெர்லே இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் உடல் எவ்வாறு இருக்கிறது என்று பார்த்து, அதன் பின்னரே பொருளை வடிவமைக்க வேண்டும் என்பது அவரது அணுகுமுறை. இயற்கையை முன்மாதிரியாகக் கொண்ட பொருட்கள் என்று இன்று ஆய்வாளர்கள் பெருமையுடன் குறிப்பிடும் துறைக்கு அப்போது பெயரே இருக்கவில்லை.

உயிருள்ள திசு என்பது பெரும்பகுதி நீர். அந்த நீரை மென்மையான வலைப்பின்னலொன்று பிடித்து வைத்திருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சிறிய மூலக்கூறுகளும் அதன் ஊடாகச் சென்று வருகின்றன. இதே அமைப்பைச் செயற்கையாக உருவாக்க முடியுமா என்று அவரும் அவரது சக ஆய்வாளர் த்ரஹோஸ்லாவ் லிம்மும் ஆராய்ந்தனர். சுருக்கமாக ஹெமா எனப்படும் ஒரு சேர்மத்தை, சங்கிலிகளை இடையிடையே பிணைக்கும் மற்றொரு சேர்மத்தின் சிறு அளவுடன் சேர்த்து இறுகச் செய்தபோது, நீரில் ஊறியதும் தன் எடையில் சுமார் 38 சதவீதம் நீரைத் தாங்கிக் கொள்ளும், கண்ணாடி போல் தெளிவான களியொன்று கிடைத்தது. ஹைட்ரோஜெல் என்று இன்று அழைக்கப்படும் பொருட்களில் மருத்துவத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதலாவது இதுவே எனலாம்.

இருவரும் 1960ஆம் ஆண்டு நேச்சர் என்ற விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை இரண்டு பக்கங்களுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. உடலுக்குள் வைக்கப்படும் பிளாஸ்டிக் எரிச்சலூட்டும் எச்சங்களைக் கசியவிடக் கூடாது, அதன் அமைப்பு உடலில் சிதையாமல் நிலைத்திருக்க வேண்டும், நீரில் கரையும் பொருட்கள் அதனூடாகச் செல்ல இடமிருக்க வேண்டும் என்பன அதில் முன்வைக்கப்பட்ட நிபந்தனைகள். புரதங்கள் மேற்பரப்பில் ஒட்டிக் கொள்ளக் கூடாது என்பது அந்த நிபந்தனைகளில் இடம்பெறவில்லை. அந்தப் பிரச்சினையின் முழுப் பரிமாணமும் அப்போது எவருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை.

மேசை மீது ஒரு தொழிற்சாலை

இதற்கிடையில் அரசியல் மீண்டும் குறுக்கிட்டது. 1958ஆம் ஆண்டு கல்வி நிறுவனங்களில் நடத்தப்பட்ட அரசியல் களையெடுப்பில் விக்தெர்லே பதவி இழந்தார். விந்தை என்னவென்றால், வகுப்பறையில் மாணவர்களுக்கு அருகில் இருக்கத் தகுதியற்றவர் என்று கருதப்பட்ட அதே மனிதரிடம்தான், செக்கோஸ்லோவாக்கிய விஞ்ஞானக் கழகம் தனது புதிய பெருமூலக்கூற்று இரசாயன ஆய்வு நிலையத்தை உருவாக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. ஒரு கட்சி ஆட்சிகளை ஆராய்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமளிக்காது. இளைஞர்கள் மீதான செல்வாக்கையே அத்தகைய ஆட்சிகள் அஞ்சுகின்றன. இரசாயனக் குடுவையை அவை அஞ்சுவதில்லை, அதிலிருந்து வெளிநாட்டுச் செலாவணி வரக்கூடுமாயின் வரவேற்கவும் செய்கின்றன.

புதிய நிலையத்துக்கான கட்டடம் எழுந்து முடியவில்லை. லென்ஸ் முயற்சியும் தேங்கிப் போயிருந்தது. 1950களின் பிற்பகுதியில் மூடிய அச்சுகளில் வார்க்கப்பட்ட லென்ஸ்கள் கண்ணுக்கு இதமாக இருந்தாலும், அச்சிலிருந்து பிரித்தெடுக்கும்போது அவற்றின் ஓரங்கள் கிழிந்தன. கிழிந்த ஓரம் இமையை உறுத்தியது. இத்தகைய பொருளால் வணிகரீதியான பயன் ஏதும் இல்லை என்ற எண்ணம் அதிகாரிகளிடையே வலுப்பெற்றது.

வீட்டிலேயே ஒரு வழியை விக்தெர்லே கண்டுபிடித்தார். மூடிய அச்சுக்குப் பதிலாகத் திறந்த சிறு கிண்ணம் போன்ற அச்சில் திரவத்தை ஊற்றி, அந்த அச்சைச் சுழற்றினால், மையவிலக்கு விசையால் திரவம் ஓரங்களை நோக்கி ஏறும். லென்ஸின் வெளிப்புற வளைவை அச்சு தீர்மானிக்கும். உட்புற வளைவைச் சுழற்சியின் வேகம் தீர்மானிக்கும். சுழன்று கொண்டிருக்கும்போதே திரவம் இறுகிவிட்டால், ஓரம் கிழிவதற்கான சந்தர்ப்பமே ஏற்படாது.

மெர்குர் என்ற பெயரில் செக்கோஸ்லோவாக்கியச் சிறுவர்கள் அனைவரும் வைத்து விளையாடிய துளையிட்ட உலோகப் பட்டைகளும் பற்சக்கரங்களும் இயந்திரத்தின் சட்டமாயின. மகனின் மிதிவண்டி டைனமோ அதைச் சுழற்றியது. வீட்டு அழைப்பு மணியின் மின்மாற்றி அதற்கு மின்சாரம் வழங்கியது. மருத்துவரான மனைவி லிண்டாவும் உதவிக்கு நின்றார். அந்தக் கிறிஸ்துமஸ் நாட்களில் நான்கு லென்ஸ்கள் கிடைத்தன. அடுத்த சில மாதங்களில், சற்றே பெரிதாக்கப்பட்ட அதேவகை இயந்திரங்களில், அதே வீட்டில், ஆயிரக்கணக்கான லென்ஸ்கள் வார்க்கப்பட்டன.

இந்த முறையின் உண்மையான முக்கியத்துவம் அதன் மலிவில் இருந்தது. ஒரு லென்ஸைக் கடைந்து மெருகூட்ட வேண்டிய தேவை இல்லாமற் போனது. புரதப் படிவுப் பிரச்சினைக்கு உலகம் பின்னர் கண்ட மிக எளிய விடை இந்த மலிவிலிருந்தே பிறந்தது என்பதைப் பிறகு காண்போம்.

விற்கப்பட்ட உரிமை

சோஷலிச நாட்டில் கண்டுபிடிப்பின் உரிமை கண்டுபிடித்தவருக்கு அல்ல, அரசுக்கே சொந்தமானது. 1960களின் நடுப்பகுதியில் அந்த உரிமை அமெரிக்கக் காப்புரிமை நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனம் அதனை பாஷ் அண்ட் லோம் என்ற கண்ணாடித் தயாரிப்பு நிறுவனத்துக்கு வழங்கியது. 1971ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியுடன் மென்மையான லென்ஸ் அங்கு சந்தைக்கு வந்தது. அதிலிருந்து ஈட்டப்பட்ட பெரும் இலாபத்தில் செக்கோஸ்லோவாக்கிய அரசுக்குக் கிடைத்தது சிறு பங்கு. விக்தெர்லேக்குக் கிடைத்தது அதனினும் மிகச் சிறிது.

அந்த லென்ஸ் அமெரிக்கக் கடைகளை எட்டிய வேளையில் அவர் மூன்றாவது தடவையாகத் தண்டிக்கப்பட்டிருந்தார். 1968ஆம் ஆண்டு, அலெக்சாண்டர் டுப்செக்கின் தலைமையில் கம்யூனிஸ ஆட்சியைத் தாராளமயமாக்கும் முயற்சி பிராக்கில் நடைபெற்றபோது, அந்தச் சீர்திருத்தங்களைப் பின்வாங்காது முன்னெடுக்குமாறு பொதுமக்களைக் கோரும் பிரகடனமொன்று ஜூன் 27ஆம் திகதி வெளியானது. இரண்டாயிரம் சொற்கள் என்று அறியப்பட்ட அதனை எழுதியவர் எழுத்தாளர் லுட்விக் வட்சுலிக். அதற்கான யோசனை விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தவர்களிடமிருந்து வந்தது. அவர்களில் விக்தெர்லேயும் ஒருவர். எட்டு வாரங்களில் சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் நுழைந்தன.

அதனைத் தொடர்ந்து வந்த, இயல்பு நிலைக்குத் திரும்புதல் என்று அதிகாரபூர்வமாக வர்ணிக்கப்பட்ட காலகட்டத்தில், தாம் உருவாக்கிய ஆய்வு நிலையத்தின் இயக்குநர் பதவியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். நாட்டை விட்டு வெளியேறிய விஞ்ஞானிகள் அப்போது பலர். வெளியேறுவதா, இருப்பதா என்ற கேள்வியில் எது சரி என்று வெளியில் வாழ்பவர்கள் தீர்ப்பளிப்பது எளிதல்ல. விக்தெர்லே இருந்தார்; பதவியின்றி, அதே நிலையத்தில் சாதாரண ஆய்வாளராக வேலை செய்தார்.

கண்ணீரில் இருக்கும் எதிராளி

மேற்கு நாடுகளில் லென்ஸ் பரவத் தொடங்கியதும், அதை அணிந்தவர்கள் புதிய முறைப்பாடுகளுடன் மருத்துவர்களிடம் வந்தனர். சில வாரங்களில் லென்ஸ் மங்கலாகிறது, வெண்மை படர்கிறது, கண் சிவக்கிறது என்றனர். லென்ஸின் மீது படிந்திருந்தது அழுக்கு அல்ல, கண்ணீரின் புரதம்.

கண்ணீர் வெறும் உப்பு நீரன்று. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922இல் கண்டறிந்த லைசோசைம் என்ற புரதம் அதில் நிறைந்திருக்கிறது. பக்டீரியாக்களின் சுவரைச் சிதைத்துக் கண்ணைக் காப்பது அதன் வேலை. இந்தச் சிறிய மூலக்கூறு நேர்மின்னேற்றம் கொண்டது. லென்ஸின் பொருளில் எதிர்மின்னேற்றம் சிறிதளவு இருந்தாலும் போதும், இரும்புத் தூள் காந்தத்தை நாடுவது போல் அது சென்று ஒட்டும். ஹெமா களி கொள்கையளவில் மின்னேற்றமற்றது. ஆனால் தயாரிப்பின்போது அதில் எஞ்சும் மெதக்ரிலிக் அமிலத்தின் சுவடே லைசோசைமுக்கு அழைப்பாக அமைந்துவிடுகிறது. அதிக நீரைத் தாங்க வேண்டும் என்பதற்காக அந்த அமிலத்தை வேண்டுமென்றே சேர்த்துத் தயாரிக்கப்பட்ட பிற்கால லென்ஸ்கள் சிலவற்றில், ஒரு லென்ஸில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் வரை லைசோசைம் சேர்வது அளவிடப்பட்டுள்ளது. கைக்கு அற்பமான எடை. ஒரு லென்ஸுக்கு அது மிக அதிகம்.

ஆயினும் ஒட்டிய அளவைக் காட்டிலும் ஒட்டிய புரதத்தின் நிலையே பெரிய கேள்வி. புரதம் என்பது குறிப்பிட்ட வடிவில் மடிக்கப்பட்ட நீண்ட இழை. எண்ணெய்த் தன்மையான பகுதிகள் உள்ளேயும், நீரை விரும்பும் பகுதிகள் வெளியேயும் இருக்கும்படி அது மடிந்திருக்கிறது. நீரை வெறுக்கும் மேற்பரப்பொன்றைச் சந்திக்கும்போது அந்த மடிப்புக் குலைந்து, உள்ளிருந்த பகுதி வெளியே விரிந்து, மேற்பரப்புடன் மீள முடியாதவாறு பற்றிக் கொள்கிறது. வடிவம் குலைந்த புரதத்தை உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன்னுடையதாக அடையாளம் காண்பதில்லை. இதனால்தான், எதிர்மின்னேற்ற லென்ஸில் நிறையப் புரதம் சேர்ந்தாலும் அதன் பெரும்பகுதி வடிவம் கெடாமல் இருக்கிறது. மாறாக, பின்னாளில் வந்த சிலிக்கோன் கலந்த லென்ஸ்களில் மிகக் குறைவாகவே சேர்ந்தாலும், சேர்ந்தவற்றில் பெரும்பகுதி வடிவம் குலைந்து விடுகிறது. குறைத்துவிட்டோம் என்று அளவைக் காட்டி விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் இந்த இரண்டாவது செய்தியை உரக்கச் சொல்வதில்லை.

ஆரம்ப காலத்தில் லென்ஸ்களைக் கிருமி நீக்க இரவுதோறும் சூடாக்கும் வழக்கம் நிலைமையை மேலும் மோசமாக்கியது. வெப்பம் பட்ட முட்டை வெண்கரு எப்படி வெளுத்து இறுகுகிறதோ, அதே மாற்றம் லென்ஸின் மீது படிந்திருந்த புரதத்திலும் நிகழ்ந்தது. 1977இல் அமெரிக்க மருத்துவர்கள், லென்ஸ் அணிபவர்களின் மேலிமையின் உட்புறத்தில் பெரிய கொப்புளங்கள் போன்ற தடிப்புகள் தோன்றும் அழற்சியை விவரித்தனர். படிந்த புரதம் அதற்கான முக்கிய சந்தேக நபராயிற்று.

அன்று விற்பனைக்கு வந்த தீர்வு நமது சமையலறைகளுக்குப் பழக்கமானது. ஆட்டிறைச்சி விரைவில் வேக வேண்டும் என்று பப்பாளிக் காயின் துண்டொன்றைக் கறியில் இடுவது வழக்கம். அதில் உள்ள பபைன் என்ற நொதியம் புரதத்தை அறுத்து இறைச்சியை மென்மையாக்குகிறது. அதே பபைனை வில்லைகளாக்கி, நீரில் கரைத்து, வாரம் ஒரு முறை லென்ஸை அதில் ஊற வைக்குமாறு கண் மருத்துவர்கள் அறிவுறுத்தினர். பப்பாளிப் பாலை உலர்த்தி பபைனாக ஏற்றுமதி செய்வது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் தொழில்களில் ஒன்றாக இருந்தது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

மற்றைய தீர்வு 1980களில் வந்தது. படிவைக் கழுவுவதற்குப் பதிலாக லென்ஸையே எறிந்து விடுவது. இரு வாரங்களுக்கு ஒன்று, பின்னர் நாளுக்கு ஒன்று என்று லென்ஸ்கள் மாற்றப்படலாயின. விக்தெர்லே மேசை மீது தொடங்கி வைத்த மலிவான வார்ப்பின்றி இப்படிச் சிந்தித்திருக்கவே முடியாது. பின்னர் வார்ப்பு முறைகள் மாறினாலும் தர்க்கம் அதுவே. புரதத்தை வெல்ல முடியாத மருத்துவத் தொழில்துறை, அதற்கு ஒரு நாளுக்கு மேல் அவகாசம் கொடுக்காமல் தப்பித்துக் கொண்டது என்று இதனைக் கூறலாம். இந்தத் தப்பித்தலுக்கும் ஒரு விலை உண்டு. பயன்படுத்திய லென்ஸ்களைக் கழுவுதொட்டியிலோ கழிப்பறையிலோ போட்டுவிடுவதாக 15 முதல் 20 சதவீதமானோர் ஒப்புக் கொள்கிறார்கள் என்று 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது.

கழற்றி எறிய முடியாதவை

கண்ணுக்கு வெளியே இருக்கும் லென்ஸை எறியலாம். இரத்தக் குழாயில் செருகிய குழாயை, இதயத்துக்கு உதவும் பம்பை, எலும்பில் பதித்த மூட்டை நாள்தோறும் எறிய முடியாது. செயற்கைப் பொருளொன்று இரத்தத்தைத் தொட்ட சில விநாடிகளில் அதன் மீது புரதங்கள் அணிவகுக்கின்றன. முதலில் எண்ணிக்கையில் மிகுந்த சிறிய புரதங்கள் வந்து சேர்கின்றன. பின்னர் வலுவாக ஒட்டக்கூடிய பெரியவை அவற்றைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கின்றன. இந்த இடம்மாற்றத்துக்கு வைத்த பெயர் வ்ரோமன் விளைவு. அதனை ஆராய்ந்த லியோ வ்ரோமன், ஜெர்மன் படையெடுப்பின்போது நெதர்லாந்திலிருந்து தப்பி, ஆசியாவில் ஜப்பானியரிடம் போர்க் கைதியாக இருந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய டச்சுக் கவிஞர். நீரை விரும்பும், வெறுக்கும் மேற்பரப்புகளில் புரதம் படிவது குறித்த அவரது கட்டுரை வெளியான ஆண்டும் 1962தான். பிராக்கில் விக்தெர்லேயின் வீட்டு இயந்திரம் சுழன்று கொண்டிருந்த அதே ஆண்டு.

இறுதியில் இரத்தம் உறைவதற்குக் காரணமான ஃபைப்ரினோஜன் படிந்துவிட்டால், இரத்தத் தட்டுகள் அதனைப் பற்றுகின்றன, உறைகட்டி உருவாகிறது. அல்லது நுண்ணுயிர்கள் குடியேற அதுவே படுக்கையாகிறது. ஹெமா களியும் இதற்கு விதிவிலக்கன்று. உடலுக்குள் நீண்ட காலம் வைக்கப்பட்ட அந்தக் களியில் சுண்ணாம்பு படிவதும் பின்னர் தெரியவந்தது. முழுப் பொருளும் திசுவைப் போல் இருந்தால் போதும் என்று கருதிய விக்தெர்லேயின் எண்ணத்தில் இருந்த குறை இதுதான். உடல் ஒரு பொருளின் உள்ளகத்தைப் பார்ப்பதில்லை. அதன் வெளித்தோலின் சில நனோமீட்டர்களைப் பார்த்தே முடிவெடுக்கிறது.

எனவே அடுத்த தலைமுறை இயற்கையிடம் வேறொரு பாடத்தைக் கேட்டது. இரத்தத்தில் நாள் முழுதும் நீந்தும் சிவப்பணுவின் மீது ஏன் புரதம் படிந்து உறைவதில்லை? அதன் சவ்வின் வெளிப்புறம் பாஸ்போரில்கோலின் என்ற மூலக்கூற்றுத் தலைகளால் நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு தலையிலும் ஒரு நேர்மின்னேற்றமும் ஓர் எதிர்மின்னேற்றமும் அருகருகே உள்ளன. மொத்தத்தில் மின்னேற்றம் இல்லை, ஆனால் நீரை மிக இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. புரதம் அங்கு ஒட்ட வேண்டுமாயின் முதலில் அந்த நீரை அகற்றியாக வேண்டும். அதற்கான சக்தி அதனிடம் இல்லை. டோக்கியோவில் நொபுவோ நகபயாஷி, கசுஹிகோ இஷிஹாரா ஆகியோரும், பிரிட்டனில் டென்னிஸ் சாப்மேனும் இந்தத் தலைகளைப் பாலிமர்களில் பொருத்தும் வழியை வகுத்தனர். அவை லென்ஸ்களிலும், 2011இல் ஜப்பானில் அனுமதிக்கப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டு ஒன்றின் உட்பூச்சிலும் இடம்பெற்றன.

ஜப்பானியரின் இந்தச் சேர்மத்திலும் விக்தெர்லேயின் ஹெமாவிலும் முதுகெலும்பாக இருப்பது மெதக்ரிலேட் என்ற ஒரே இரசாயனக் குடும்பம். பிராக்கின் முதுகெலும்பில் சிவப்பணுவின் தலையை வைத்துத் தைத்தது போன்ற வேலை அது.

திரும்பி வந்த மரியாதை

1989 நவம்பரில் கம்யூனிஸ ஆட்சி வீழ்ந்தபோது விக்தெர்லேக்கு வயது 76. அடுத்த ஆண்டு, தம்மைத் தண்டித்த அதே விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக அவர் தெரிவானார். செக்கோஸ்லோவாக்கியக் கூட்டாட்சி கலையும் காலம் வரை அப்பொறுப்பில் இருந்தார். 1993இல் சிறுகோள் ஒன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் திகதி, மொராவியாவின் ஸ்த்ராஜிஸ்கோ கிராமத்திலிருந்த தமது இல்லத்தில் அவர் காலமானார். சோவியத் படையெடுப்பின் முப்பதாவது ஆண்டு நினைவுக்கு அப்போது மூன்று நாட்களே இருந்தன. அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது 2007இல்தான்.

அவர் நிறுவிய பெருமூலக்கூற்று இரசாயன ஆய்வு நிலையம் பிராக்கில் தொடர்ந்து இயங்கி வருகிறது. அங்கு 1970களில் யிந்த்ரிஹ் கோபெச்செக்கும் சகாக்களும், இரத்தத்தில் மருந்தைச் சுமந்து செல்வதற்காக, ஹெமாவுக்கு நெருங்கிய உறவுள்ள மற்றொரு பாலிமரை உருவாக்கியிருந்தனர். நீரில் கரையும் அந்தப் பாலிமரைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் அதே நிலையத்தின் ஆய்வாளர்கள் வேறொரு நோக்கத்துக்கு எடுத்தனர். அதன் இழைகளை ஒரு மேற்பரப்பில் தூரிகையின் மயிர்கள் போல நெருக்கமாக நிற்கும்படி வளர்த்து, கலப்பற்ற இரத்தப் பிளாஸ்மாவை அதன் மீது ஓடவிட்டனர். அவர்களது கருவி உணரக்கூடிய அளவுக்குக்கூடப் புரதம் படியவில்லை என்று 2011இல் அறிவித்தனர்.

இந்த முடிவு அத்துறையினருக்குச் சங்கடத்தையும் தந்தது. புரதம் ஒட்டாத மேற்பரப்பில் ஹைட்ரஜன் பிணைப்பை வழங்கும் கூறுகள் இருக்கக் கூடாது என்பது அதுவரை பரவலாக ஏற்கப்பட்ட விதி. பிராக்கின் தூரிகைகளில் அத்தகைய கூறுகள் நிறைந்திருந்தன. விதியை மீறிய பொருள் விதிக்குட்பட்டவற்றைவிடச் சிறப்பாகச் செயற்பட்டது.

எனினும் ஆய்வுக்கூடத்தின் தங்கம் பூசிய சிறு தகட்டிலிருந்து மருத்துவமனையின் சிலிக்கோன் குழாய்க்குள் செல்வது தனிப் பயணம். தூரிகை வளைந்த குழாயின் உட்புறம் முழுவதிலும் இடைவெளியின்றி முளைக்க வேண்டும், கிருமி நீக்கத்தைத் தாங்க வேண்டும், மாதக் கணக்கில் இரத்த ஓட்டத்தில் உதிராமல் நிற்க வேண்டும். ஓரிடத்தில் சிறு ஓட்டை விழுந்தாலும் ஃபைப்ரினோஜன் அதைக் கண்டுபிடித்துவிடும். பாறையில் பற்றும் கடற்சிப்பியின் பசையைப் பின்பற்றிப் பூச்சை நங்கூரமிடும் முறை 2007 முதலும், பூச்சிகளை வழுக்கி விழச் செய்யும் குடுவைத் தாவரத்தைப் பின்பற்றி மேற்பரப்பில் திரவப் படலத்தை நிறுத்தி வைக்கும் முறை 2011 முதலும் ஆராயப்பட்டு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வலிமை உண்டு. இரத்தத்துடன் ஆண்டுக் கணக்கில் இருக்க வேண்டிய கருவிகளை நம்பி ஒப்படைக்கும் நிலையை இவற்றில் எதுவும் இன்னும் எட்டிவிடவில்லை. அத்தகைய கருவிகளைப் பொருத்திக் கொண்ட நோயாளிகள் பலர், இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளை இன்றும் நாள் தவறாது விழுங்கி வருகின்றனர்.